வாடிய மலர்களும் மாதவிடாய் நஞ்சும்

முதல் உலகப் போர் முடிந்து ஒஸ்திரிய நாடு நலிந்து கிடந்த காலம் அது. வியன்னா மாநகரிற் பெயர்பெற்ற குழந்தை மருத்துவர் ஒருவருக்கு மலர்க்கொத்து ஒன்று கிடைத்தது. அதனை நீரில் இட்டு வைக்குமாறு அவர் தம் பணிப்பெண்ணிடம் கொடுத்தார். மறுநாட் காலையிற் பார்த்தபோது மலர்கள் வாடித் தலை சாய்ந்திருந்தன. காரணம் யாதென்று வினவினார். தான் மாதவிடாய்க் காலத்தில் இருப்பதாகவும், அந்நாள்களில் தான் தொட்ட பூ வாடிவிடுவது வழக்கமென்றும், ஆதலால் அவற்றைத் தொட்டிருக்கக் கூடாதென்றும் அப்பெண் கூறினாள்.

அந்த மருத்துவர் பேலா ஷிக் என்பவர். அவர் அறியாமையில் உழன்ற ஒருவரல்லர். 1905 ஆம் ஆண்டிற் கிளெமன்ஸ் பொன் பிர்கே என்னும் அறிஞருடன் சேர்ந்து, விலங்குகளின் குருதிநீரை ஊசி வழியாகப் பெற்ற குழந்தைகளுக்கு உண்டாகும் நோயினை ஆராய்ந்து நூல் எழுதியவர். ஒரு குழந்தை தொண்டைக் கரப்பான் நோய்க்கு இரையாகுமா, அன்றி அதனை எதிர்க்குமா என்று தோலிற் செய்யும் சிறு சோதனையால் அறியும் முறையை 1913 இல் வெளியிட்டவரும் அவரே. ஷிக் சோதனை என்று உலகெங்கும் வழங்கிய அம்முறை, எத்தனையோ குழந்தைகளின் உயிரைக் காக்கத் துணைநின்றது. உடல் தன்னைத் தானே காக்கும் ஆற்றலை நிர்ப்பீடனம் என்பர். அத்துறைக்கு அடித்தளம் இட்டோருள் ஒருவராக ஷிக் எண்ணப்படுகிறார்.

அத்தகைய அறிஞர், பணிப்பெண்ணின் சொல்லை மெய்யென்று கொண்டு மலர்களை வைத்துச் சில சோதனைகள் நடத்தினார். மாதவிடாய்க் காலத்திற் பெண்ணின் உடலில் ஒருவகை நஞ்சு தோன்றி வியர்வை வழியாக வெளிப்படுகின்றது என்று முடிவு செய்து, 1920 இல் மருத்துவ இதழொன்றிற் கட்டுரை வெளியிட்டார். மாதவிடாய் நஞ்சு என்பதே அதன் தலைப்பு. நிர்ப்பீடனத்தை நன்கறிந்த ஒருவர், நிர்ப்பீடனம் மிக நுட்பமாகத் தொழிற்படும் ஓரிடத்தைப் பார்த்து, அங்கே நஞ்சு உள்ளது என்று கூறினார். நஞ்சு என்று கருதப்பட்டது உடலின் காவற்படையே என்று தெளிவதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

ஷிக் கூறிய கருத்துப் புதியதன்று. கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம எழுத்தாளர் பிளினி, மாதவிடாய்ப் பெண் அணுகினால் மது புளிக்கும், பயிர் கருகும், கண்ணாடி மங்கும், இரும்பு துருவேறும், தேனீக்கள் மடியும் என்று தம் இயற்கை வரலாற்றில் எழுதிவைத்தார். பதினெட்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அந்நம்பிக்கை மறையவில்லை. மாதவிடாய்க் காலத்திற் பெண்கள் உப்பிட்டுப் பதப்படுத்தும் பன்றியிறைச்சி கெட்டுவிடுமோ என்ற வினா, 1878 இல் பிரித்தானிய மருத்துவ இதழின் பக்கங்களில் மருத்துவர்களாலேயே எழுப்பப்பட்டு, கடிதங்கள் வாயிலாக விவாதிக்கப்பட்டது. தமிழர் வாழ்விலும் இதன் சாயல் உண்டு. முருகன் கோட்டத்திற் கலங்களைத் தொடாது ஒதுங்கி நிற்கும் மகளிரைப் பொன்முடியார் புறநானூற்றில் உவமையாக்கினார். துடக்கு என்றும், தீட்டு என்றும், வீட்டுக்குத் தூரம் என்றும் வழங்கிய சொற்களெல்லாம் இவ்விலக்கினைக் குறித்தனவே. உலகின் பல மூலைகளில் மக்கள் கொண்டிருந்த அச்சத்துக்கு, 1920 இல் ஆய்வுகூடத்தின் முத்திரை கிடைத்தது என்பதே ஷிக்கின் கட்டுரையாற் விளைந்த பயன்.

அம்முத்திரை விரைவிற் கடல் கடந்தது. ஐக்கிய அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மாக்ட் என்பவர், மாதவிடாய்க் காலத்துப் பெண்களின் குருதி முதலியவற்றை நீரிற் கலந்து, அதில் முளைவிதைகளை வளர்த்து, வேர்களின் நீளத்தை அளந்தார். வேர்கள் குன்றின என்றும், ஆகவே நஞ்சு உண்டென்றும் 1920களில் எழுதினார். அதே சோதனைகளைத் திரும்பச் செய்த வேறு சிலருக்கு அவ்விளைவு கிட்டவில்லை. மலர் வாடுவதற்குக் காரணங்கள் பல. வெப்பம் மிகுந்தாலும் வாடும். நீர் குறைந்தாலும் வாடும். பறித்து நெடுநேரம் ஆனாலும் வாடும். மிகச் சிலரைக் கொண்டு, விடை இன்னதென்று முன்னரே எண்ணிக்கொண்டு செய்யும் சோதனை, எண்ணியதையே காட்டும் இயல்புடையது. ஆயினும் நஞ்சு என்ற சொல் மருத்துவ உலகில் நிலைத்துவிட்டது.

1940களில் இவ்வாராய்ச்சி வேறொரு வடிவம் பெற்றது. பொஸ்டன் நகரில் ஆய்வு நடத்திய ஜோர்ஜ் சிமித், ஒலிவ் சிமித் என்னும் தம்பதியர், மாதவிடாய் உதிரத்தை இளம் எலிகளின் உடலிற் செலுத்தினர். எலிகள் மாண்டன. வாடிய மலரைக் காட்டிலும் இது வலிய சான்றாகத் தோன்றியது. இறந்த எலியை யார் மறுக்க இயலும்? மறுக்க முன்வந்தவர் யெருசலேம் நகரிற் பணியாற்றிய பேணாட் சொண்டெக் என்பவர். பெண் கருவுற்றிருக்கின்றாளா என்பதைச் சிறுநீரைக் கொண்டு அறியும் முறையைத் தம் நண்பர் அஷ்கைமுடன் சேர்ந்து 1920களின் இறுதியில் உருவாக்கிப் புகழ்பெற்றவர் இவர். 1953 இல் அவர் எழுப்பிய வினா மிக எளியது. எலிகளைக் கொன்றது உதிரமா, அன்றி அவ்வுதிரத்தில் வழியிற் கலந்துவிட்ட பற்றீரியாவா என்பதே அது. பெனிசிலின் முதலிய மருந்துகளைக் கொடுத்துவிட்டு அதே உதிரத்தைச் செலுத்தினார். எலிகள் பிழைத்தன. குற்றவாளி உதிரமன்று, கிருமிகளே என்பது தெளிவாயிற்று. மாதவிடாய்க்கெனத் தனி நஞ்சு ஒன்றிருப்பதாகக் கூறிய சான்றுகளுள் மிக வலியது அன்று சரிந்தது.

நஞ்சைத் தேடியோர் ஒரு பாதையிற் செல்ல, உடலின் தாளத்தைத் தேடியோர் வேறொரு பாதையிற் சென்றனர். 1923 இல் எட்கர் அலன், எட்வேட் டொய்சி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், சூலகத்திலிருந்து பெற்ற சாறு எலிகளிற் பெண்மைக்குரிய மாற்றங்களை உண்டாக்குவதைக் காட்டினர். அச்சாற்றின் வழி சென்ற ஆய்வின் பயனாக, 1929 இல் ஈஸ்திரசன் வகை ஓமோன் ஒன்றை டொய்சியும், ஜெர்மனியில் அடொல்வ் பூட்டெனாந்தும் தனித்தனியே தூய வடிவிற் பிரித்தெடுத்தனர். புரோஜெஸ்தரோன் என்னும் மற்றோர் ஓமோன் 1934 இற் தூய வடிவிற் கிடைத்தது. மாதந்தோறும் நிகழும் மாற்றத்தை இயக்குவன இவ்விரண்டுமே.

அம்மாற்றத்தின் ஒழுங்கு இது. முதற் பாதியில் ஈஸ்திரசன் மிகுந்து கருப்பையின் உட்சவ்வு தடிக்கின்றது. நடுவிற் சூல் வெளிப்படுகின்றது. சூல் நீங்கிய இடத்திலே தோன்றும் மஞ்சட் சடலம் என்னும் பகுதி, பிற்பாதியிற் புரோஜெஸ்தரோனைச் சுரந்து, அச்சவ்வினைக் கருவை ஏற்பதற்கு ஆயத்தம் செய்கின்றது. கரு உண்டாகாவிடின் சுரப்புக் குன்றுகின்றது. சவ்வு சிதைந்து உதிரத்துடன் வெளியேறுகின்றது.

இச்சிதைவினைக் கண்ணாற் கண்டவர் மார்க்கீ என்னும் அமெரிக்க அறிஞர். குரங்கின் கருப்பைச் சவ்வில் ஒரு சிறு துண்டை எடுத்து, அதே குரங்கினது கண்ணின் முன்னறையிற் பதியவைத்தார். கண்ணின் ஒளியூடு படலமே பலகணியாயிற்று. அதன் வழியே, குருதிக் குழாய்கள் சுருங்குவதையும், சவ்வு நலிவதையும், பின்னர்க் குருதி கசிவதையும் சுழற்சிதோறும் பார்த்து 1940 இல் எழுதினார். அவர் கண்டது ஓமோன் குறைந்தவுடன் ஒழுங்காக நிகழும் ஒரு செயல்.

நஞ்சு என்று எண்ணியோர் முற்றும் ஒன்றுமில்லாததைத் தேடினர் என்று கூறவும் இயலாது. 1957 இற் பிக்கிள்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், மாதவிடாய் உதிரத்திலே தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். பின்னர் அது புரொஸ்தகிளாந்தின் வகையைச் சேர்ந்தது என்று தெளிவாயிற்று. காலில் முள் தைத்து வீங்கும்போது அங்கே சுரக்கும் அதே வகைப் பொருள் இது. உடலின் காவற்படைக்குச் செய்தி சொல்லும் தூதுகளுள் இதுவும் ஒன்று. 1971 இல் ஜோன் வேன் என்பவர், அஸ்பிரின் போன்ற மருந்துகள் இப்பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன என்று நிறுவினார். அவ்வழிப்பட்ட ஆய்வுகளுக்காக 1982 இல் நோபெல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. மாதவிடாய் நோவு பெண்ணின் மனத்தளர்ச்சியால் வருவது என்று எத்தனையோ மருத்துவர் கூறித் தட்டிக்கழித்ததுண்டு. அந்நோவுக்கு உடலிலே உண்மையான காரணம் உண்டென்பதும், அஸ்பிரின் இனத்து மருந்துகள் அதனைத் தணிப்பது ஏன் என்பதும் இவ்வாறு விளங்கின.

ஓமோனுக்கும் நிர்ப்பீடனத்துக்கும் தொடர்புண்டு என்பதற்கு முதற் குறிப்பு இன்னும் பழையது. 1898 இற் கல்சோலாரி என்னும் இத்தாலியர், விதையகற்றிய முயல்களில் தைமசுச் சுரப்பி பெருத்திருப்பதைக் கண்டு எழுதினார். நெஞ்சினுள் அமைந்த அச்சுரப்பி எதற்காக உள்ளது என்று அன்று எவருக்கும் தெரியாது. வெண்குருதிக் கலங்களுள் முதன்மையான ஒருவகை அங்கேதான் பயிற்சி பெறுகின்றது என்பதை 1961 இல் ஜாக் மில்லர் காட்டியபோதே, பாலுக்குரிய ஓமோன்கள் உடலின் காவற்படையையும் ஆள்கின்றன என்ற உண்மையின் கனதி புலனாகத் தொடங்கியது.

மற்றொரு வினாவை 1953 இல் இங்கிலாந்தின் பீற்றர் மெடவார் எழுப்பினார். பிறர் உடலின் தோலை ஒட்டினால் உடல் அதனை அந்நியப் பொருளென்று கண்டு அழித்துவிடும். கருவிலுள்ள குழந்தையோ பாதி தந்தையினுடையது. அங்ஙனமிருக்கத் தாயுடல் அதனை ஒன்பது மாதம் தாங்குவது எவ்வாறு என்பதே அவ்வினா. பின்வந்தோர் கண்ட விடைகளுட் சில கருப்பையின் மாதச் சுழற்சியிலேயே கிடைத்தன. தாங்கும் ஆயத்தம் கரு உண்டான பின்னர் தொடங்குவதன்று. மாதந்தோறும் முன்கூட்டியே நிகழ்கின்றது.

சூல் வெளிப்பட்ட பின்னர், புரோஜெஸ்தரோனின் ஆட்சியிற் கருப்பைச் சவ்விலே ஒருவகை வெண்குருதிக் கலங்கள் பெருகுகின்றன. இயற்கைக் கொல்லிகள் என்ற கொடிய பெயர் அவற்றுக்கு உண்டு. எனினும் கருப்பையில் அவற்றின் பணி கொல்லுதலன்று. கருவுக்குக் குருதி கொண்டுவரும் குழாய்களை விரித்துச் சீர்செய்யத் துணைபுரிதலே. கரு வராதபோது புரோஜெஸ்தரோன் குறைகின்றது. அக்குறைவே போர்முரசு போன்றது. வேறுவகை வெண்குருதிக் கலங்கள் திரண்டு வருகின்றன, சவ்வினைக் கரைக்கும் நொதியங்கள் வெளிப்படுகின்றன, புரொஸ்தகிளாந்தின் சுரக்கின்றது. காயம்பட்ட இடத்தில் நிகழும் அழற்சிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை 1986 இற் கொலின் வின் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். அதனினும் வியப்புக்குரியது முடிவு. தோலிற் பட்ட ஆழ்ந்த புண் ஆறினால் வடு எஞ்சும். கருப்பைச் சவ்வோ சில நாள்களில் வடுவின்றி ஆறிப் புதிதாகின்றது. வாழ்நாளிற் பல நூறு முறை இவ்வாறு ஆறுகின்றது. வடுவின்றிப் புண் ஆற்றும் வழியை அறிய விழையும் ஆராய்ச்சியாளர் இன்று இச்சவ்வினைக் கற்கின்றனர்.

இத்தாளம் கருப்பையோடு நின்றுவிடுவதில்லை. கருப்பை வாயிற் சுரக்கும் சளியிலுள்ள பிறபொருளெதிரிகளின் அளவு சுழற்சியோடு ஏறி இறங்குகின்றது. காவற்படையை அடக்கி ஆளும் ஒழுங்காக்கும் கலங்கள், சூல் வெளிப்படும் காலத்தையொட்டிக் குருதியில் மிகுந்து பின்னர்க் குறைவதை 2007 இல் வெளியான ஆய்வு காட்டியது. தொய்வு நோயுடைய பெண்களுட் சிலருக்கு மாதவிடாயை அண்டிய நாள்களில் மூச்சிரைப்பு மிகுவதை மருத்துவர் நெடுங்காலமாகவே அறிவர். உடல் தன்னைத் தானே தாக்கும் நோய்களுள் ஒன்றாகிய லூபசு, ஆண் ஒருவருக்குப் பெண்கள் ஒன்பதின்மர் என்ற அளவில் வருகின்றது. இவையெல்லாம் ஓமோனும் காவற்படையும் ஒன்றோடொன்று உரையாடுவதற்குச் சான்றுகள். ஆயினும் நலமுள்ள பெண்ணின் உடலில் இம்மாற்றங்கள் சிறியனவே. மாதவிடாய்க் காலத்திற் பெண் நோய்க்கு எளிதில் இரையாவாள் என்றோ, அவளால் மற்றவர்க்குத் தீங்குண்டு என்றோ இவற்றைக் கொண்டு கூறுவது பழைய பிழையைப் புதிய சொல்லாற் கூறுவதாகும்.

பிழை எதிர்த்திசையிலும் நேரலாம். 1993 இல் மார்ஜி புரொவெட் என்னும் அமெரிக்கர், ஆணின் விந்தோடு வரும் கிருமிகளைக் கழுவி வெளியேற்றுவதற்காகவே மாதவிடாய் தோன்றியது என்று எழுதினார். நஞ்சு என்று இகழப்பட்டது காவலென்று போற்றப்பட்டதால் அக்கருத்துப் பலரைக் கவர்ந்தது. 1996 இற் பெவர்லி ஸ்திராஸ்மன் அதனைச் சான்றுகளோடு ஒப்பிட்டு நோக்கினார். மாதவிடாய்க்குப் பின்னர் கருப்பையிற் கிருமிகள் குறைகின்றன என்பதற்குச் சான்றில்லை. அன்றியும் குருதி கிருமிகளுக்கு உணவாவது என்று சுட்டினார். இனிய கருத்தாயினும் அளந்து பார்த்தே ஏற்க வேண்டும் என்பதற்கு இவ்விவாதம் எடுத்துக்காட்டாகும்.

அளந்து பார்க்கத் தவறியதற்கு உலகம் அண்மையில் ஒரு விலை கொடுத்தது. ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம், 1977 இல் வகுத்த நெறியின்படி, கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களைப் புதிய மருந்துகளின் தொடக்கச் சோதனைகளிலிருந்து விலக்கியது. கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு வரலாகாது என்ற அச்சமே காரணம். பெண்ணின் உடல் மாதந்தோறும் மாறுவதாற் கணக்குக் குழம்பும் என்பதும் ஆராய்ச்சியாளர் பலர் கூறிய சாட்டு. 1993 இல் அந்நெறி நீக்கப்பட்டது. ஆயினும் மாதவிடாயைப் பற்றிக் கேட்கும் வழக்கம் அதனோடு வந்துவிடவில்லை.

2021 இற் கொரோனாத் தடுப்பூசி உலகெங்கும் போடப்பட்டபோது, ஊசிக்குப் பின் மாதவிடாய் பிந்தியது என்றும், உதிரம் மிகுந்தது என்றும் பெண்கள் பல நாடுகளிற் கூறினர். தடுப்பூசியின் பெருஞ் சோதனைகள் அதனை முறையாகக் கேட்டுப் பதிவு செய்யவில்லை. ஆகவே அறிஞரிடம் விடையில்லை. விடையில்லாத இடத்தில் வதந்தி புகுந்தது. இவ்வூசி மலடாக்கும் என்ற பொய் பரவி, எத்தனையோ இளம்பெண்கள் ஊசியைத் தவிர்க்க எண்ணினர்.

பின்னரே கணக்கெடுப்பு நடந்தது. அலிசன் எடெல்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் குழுவினர் ஏறத்தாழ 4,000 பெண்களின் மாதக் குறிப்புகளை ஆராய்ந்து, 2022 சனவரியில் முடிவை வெளியிட்டனர். ஊசி பெற்றோரின் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே நீண்டிருந்தது. இரு ஊசிகளை ஒரே சுழற்சியிற் பெற்றோருக்குச் சற்று மிகுதியாக நீண்டது. அம்மாற்றம் விரைவில் மறைந்தது. 2022 ஒக்டோபரில் ஐரோப்பிய மருந்து முகவரகம், மிகுந்த உதிரப்போக்கினையும் அத்தகைய இரு தடுப்பூசிகளின் பக்கவிளைவுப் பட்டியலிற் சேர்க்குமாறு கூறியது. பெண்கள் சொன்னது உண்மை, அஞ்சியது நேரவில்லை. இரண்டையும் முன்னரே கூறியிருக்கலாம். ஒரு வினாவைச் சோதனைத் தாளிற் சேர்த்திருந்தாற் போதும்.

ஷிக் 1923 இல் நியூயோர்க் சென்று குடியேறி, குழந்தைகளுக்குத் தொண்டாற்றி, 1967 இற் காலமானார். அவரது சோதனை காத்த உயிர்களின் நினைவில் அவர் பெயர் நிலைக்கும். மாதவிடாய் நஞ்சு என்ற அவரது மற்றக் கருத்து மறைந்தது. அவரது பணிப்பெண்ணின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. தன் உடலைப் பற்றி அவள் கூறிய சொல், அவள் பிறந்த சமூகம் அவளுக்குக் கற்பித்த சொல். அச்சொல்லை அவளிடமிருந்து வாங்கி ஆய்வுகூடத்தில் வைத்த அறிஞர், அதனை ஐயுற்று நோக்கியிருப்பின், வாடிய மலர்களுக்குப் பின்னே உடலின் பெருங்காவல் ஒன்று மாதந்தோறும் முறைமாறி நிற்பதைக் காண்பதற்குரிய தகுதி அவரினும் மிக்காருக்கு அன்று இருந்ததில்லை.

இன்று அக்காவல் ஓரளவு கண்ணுக்குத் தெரிகின்றது. தெரியாத பகுதியும் மிகுதி. அதனை அறிவதற்கு வேண்டுவது விலக்கி வைத்தலன்று. கேட்டலும், எண்ணுதலும், ஒப்பிட்டு நோக்குதலுமேயாம்.